நாக்-அவுட் சுற்றில் ஆள் மாற்றுவது தடுமாற்றமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பள்ளிகளுக்கிடையிலான கூடைப்பந்துப் போட்டிகள் பற்றி அண்மையில் இந்தப் பக்கத்தில் ஒரு வாசகர் எழுதியிருந்தார். லீக் சுற்று முழுக்க ஒரே ஐவரை இறக்கிய பயிற்றுநர் அரையிறுதிக்கு வந்ததும் ஆளையும் ஆட்ட முறையையும் மாற்றினால், அவருக்குத் தம் திட்டத்தின் மீதே நம்பிக்கை இல்லை என்பது அவர் கருத்து. மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் வட்டாரத்தில் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுப்பவர்களும் ஸ்கோர் மேசையில் உட்காருபவர்களும் சேர்ந்து இந்த மறுமொழியை எழுதுகிறோம்.

அந்த வாசகர் பாதி சரி. அரையிறுதியன்று காலையில் முளைத்த யோசனையை அன்று மாலையே ஆட்டக்காரர் தலையில் கட்டினால் அது தடுமாற்றம்தான். ஆனால் லீக் சுற்றிலேயே பழகி, ஒன்றிரண்டு ஆட்டங்களை அதற்காக இழந்து, தேவைப்படும்போது எடுக்கலாம் என்று வைத்திருந்த மாற்றம் வேறு கதை. அப்படிப்பட்ட பயிற்றுநரின் அணிக்குத்தான், லீக் சுற்றுக்குப் பின் வரும் நாக்-அவுட் சுற்றான பிளேஆஃபில் வெல்லும் வாய்ப்பு கூடுகிறது.

ஆண்டுவாரியாகக் கணக்கு கிடைக்கும் ஓர் அணியை முதலில் எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவின் என்.பி.ஏ. லீக்கில் மில்வாக்கி பக்ஸ் அணிக்கு 2018இல் மைக் பூடன்ஹோல்சர் பயிற்றுநரானார். 2018-19 பருவத்தில் 60 வெற்றி, 22 தோல்வி. அடுத்த பருவத்தில் 56 வெற்றி, 17 தோல்வி. இரண்டு முறையும் லீக்கிலேயே முதலிடம், இரண்டு முறையும் கிண்ணம் இல்லை. 2019 பிளேஆஃபில் ஏழு ஆட்டத் தொடரில் டொரொண்டோ ராப்டர்ஸ் அணியை 2-0 என முந்திவிட்டு, அடுத்த நான்கு ஆட்டங்களையும் வரிசையாக விட்டார்கள். டொரொண்டோ பயிற்றுநர் நிக் நர்ஸ் மூன்றாம் ஆட்டத்திலிருந்து கவாய் லெனர்டை மில்வாக்கியின் முதன்மை ஆட்டக்காரர் யானிஸ் அந்தெத்தொகும்போவைத் தடுக்கப் போட்டார். அந்த ஒரு மாற்றத்துக்கு மில்வாக்கியிடம் பதில் இல்லை. 2020இல் மயாமி ஹீட் அணியிடம் 4-1 எனத் தோற்றார்கள்.

அந்த இரண்டு ஆண்டும் மில்வாக்கி ஆடியது பெரும்பாலும் ஒரே தற்காப்பு. பந்து வைத்திருப்பவருக்கு அவருடைய கூட்டாளி ஸ்கிரீன் போட்டால், அதாவது தடுக்க வருபவரின் வழியை உடம்பால் மறித்து நின்றால், மில்வாக்கியின் நெட்டை ஆள் புரூக் லோப்பெஸ் மேலே ஏறி வரமாட்டார். கூடைக்குப் பக்கத்திலேயே பின்வாங்கி நிற்பார். எதிரணிக்கு உள்ளே சுலபப் புள்ளி கிடைக்காது, வெளியிலிருந்து எறிய இடம் கிடைக்கும். 82 ஆட்டம் கொண்ட லீக்கில் இது நல்ல பேரம், ஏனென்றால் இன்று ஓர் அணி, நாளை வேறோர் அணி. அவர்களுக்கு உங்களைப் படிக்க நேரமில்லை. பிளேஆஃபில் ஒரே அணியோடு ஏழு ஆட்டம் வரை ஆட வேண்டும். அங்கே நீங்கள் காலியாக விடும் இடம் எதுவோ, அந்த இடத்துக்கென்றே எதிரணி ஆளைத் தயார் செய்துகொண்டு வரும்.

2020-21 பருவத்தில் பூடன்ஹோல்சர் மாறினார். ஸ்கிரீன் போட்டதும் இரு தற்காப்பாளரும் ஆளை மாற்றிக்கொள்ளும் சுவிட்ச் முறையை லீக் ஆட்டங்களிலேயே பழகவைத்தார். தொடக்கத்தில் பார்க்கச் சகிக்கவில்லை. லோப்பெஸ் தம்மைவிட ஒரு முழம் குட்டையான வேகக்காரர்களைத் துரத்திக்கொண்டிருந்தார். அந்தப் பருவம் சுருக்கப்பட்டது. 72 ஆட்டத்தில் 46 வெற்றி, 26 தோல்வி. வெற்றி விகிதம் 73 விழுக்காட்டிலிருந்தும் 77 விழுக்காட்டிலிருந்தும் 64 விழுக்காட்டுக்கு இறங்கியது. கிழக்குப் பிரிவில் மூன்றாம் இடம். 2021 மார்ச்சில் பி.ஜே. டக்கரைக் கொண்டுவந்தார்கள்; யாரையும் மறித்து நிற்கக்கூடியவர், சுவிட்ச் முறைக்கென்றே செய்துவைத்த ஆள். இறுதிச் சுற்றில் ஃபீனிக்ஸ் அணியிடம் 0-2 எனப் பின்தங்கி, பிறகு தொடர்ந்து நான்கு ஆட்டம் வென்று கிண்ணத்தைத் தூக்கினார்கள். ஆறாம் ஆட்டத்தில் யானிஸ் 50 புள்ளி எடுத்ததைத்தான் எல்லாரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். லீக் சுற்றில் தோற்ற அந்த 26 ஆட்டங்களை யாரும் பேசுவதில்லை. நாங்கள் அவற்றைத்தான் பேசுவோம்.

இதே பயிற்றுநரின் கதை 2023இல் வேறு மாதிரி முடிந்தது. 58 வெற்றியோடு முதலிடம் பிடித்த அணி, தகுதிச் சுற்றான பிளே-இன் வழியாக எட்டாவது இடத்தில் உள்ளே நுழைந்த மயாமியிடம் 4-1 எனத் தோற்றது. யானிஸ் முதல் ஆட்டத்திலேயே முதுகில் அடிபட்டு இரண்டு ஆட்டம் உட்கார்ந்தார் என்பதையும் நியாயத்துக்குச் சொல்லவேண்டும். ஆனால் நான்காம் ஆட்டத்தில் மயாமியின் ஜிம்மி பட்லர் 56 புள்ளி எடுக்கும் வரை அவர் மீது போட்ட ஆளை மாற்றுவதில் தாமதம். ஐந்தாம் ஆட்டத்தில் கடைசி குவார்ட்டருக்குள் நுழையும்போது 16 புள்ளி முன்னிலை, அதையும் விட்டார்கள். கடைசி வினாடிகளில் கையில் டைம் அவுட் இருந்தும் எடுக்கவில்லை. கூடுதல் நேரத்தில் ஆட்டம் போனது, அவருக்கு வேலையும் போனது. கிண்ணம் வென்ற பயிற்றுநருக்கும் வளைந்து கொடுக்கும் பழக்கம் விட்டுப்போகும்.

மயாமிப் பக்கம் இருந்தவர் எரிக் ஸ்போல்ஸ்ட்ரா, 2008 முதல் அதே அணியின் பயிற்றுநர். 2011 இறுதிச் சுற்றில் 2-1 என முன்னிலையில் இருந்தபோது, டாலஸ் பயிற்றுநர் ரிக் கார்லைல் குட்டையான ஜே.ஜே. பரேயாவை நான்காம் ஆட்டத்தில் தொடக்க ஐவரில் இறக்கினார். ஸ்போல்ஸ்ட்ரா அந்த ஆட்டத்தையும் அடுத்த இரண்டையும் இழந்தார். மறு ஆண்டு பிளேஆஃபில் தம் நெட்டை ஆள் கிறிஸ் பாஷ் காயப்பட்டபோது அவரே சின்ன ஆட்களை வைத்து ஆடத் தொடங்கினார். பாஷ் திரும்பியதும் அவரைக் கூடைக்கு அருகே ஆடும் நடு ஆளாக்கினார். 2012, 2013 இரண்டு ஆண்டும் கிண்ணம். 2022-23இல் லீக் ஆட்டங்களிலேயே, ஆளைப் பின்தொடராமல் ஒவ்வொருவரும் ஓர் இடத்தைக் காக்கும் மண்டலத் தற்காப்பை, நம்மூரில் சொல்வதுபோல் சோனை, மற்ற அணிகளைவிட அதிகமாக ஆடிப் பழக்கினார். 44 வெற்றி, 38 தோல்வி என்று இழுபறியாக லீக்கை முடித்த அணி இறுதிச் சுற்று வரை போனது. அங்கே டென்வர் 4-1 என அடித்தது என்பதும் உண்மை. ஆட்டக்காரர் தரத்தில் பெரிய இடைவெளி இருந்தால் எந்த மாற்றமும் அதை முழுக்க நிரப்பாது.

மாற்றம் எவ்வளவு உதவும் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. பேனாவும் தாளும் போதும். ஓர் ஆட்டத்தில் வெல்ல 45 விழுக்காடு வாய்ப்புள்ள அணி ஏழு ஆட்டத் தொடரை வெல்லும் வாய்ப்பு 39 விழுக்காடு. பயிற்றுநர் செய்யும் மாற்றத்தால் அந்த 45 என்பது 50 ஆனால், தொடரின் வாய்ப்பும் 50 ஆகிறது. ஓர் ஆட்டத்தில் 5 கூடினால் தொடரில் 11 கூடுகிறது. மூன்று ஆட்டத் தொடரில் அதே மாற்றம் 42.5ஐ 50 ஆக்கும், அதாவது 7.5 கூடும். ஒரே ஆட்டம் என்றால் வெறும் 5தான். 0-2 எனப் பின்தங்கிய அணிக்கு இன்னும் கூர்மை. ஆட்டத்துக்கு 45 என்ற நிலையிலேயே தொடர்ந்தால் ஏழு ஆட்டத் தொடரில் தப்பிக்கும் வாய்ப்பு 13 விழுக்காடு. மாற்றம் அதை 55 ஆக்கினால் 26, அதாவது இரு மடங்கு. 2021இல் லாஸ் ஏஞ்சலிஸ் கிளிப்பர்ஸ் ஒரே பிளேஆஃபில் இரண்டு முறை 0-2இலிருந்து மீண்டது, அதற்கு முன் எந்த அணியும் செய்யாதது. பயிற்றுநர் டைரன் லூ டாலஸுக்கு எதிரான நான்காம் ஆட்டத்தில் நெட்டை ஆள் இவிகா சுபாட்ஸை உட்காரவைத்து நிக்கோலா பத்தூமை இறக்கினார். அடுத்த தொடரில் யூட்டாவின் ரூடி கோபேர் கூடையை விட்டு நகரமாட்டார் என்று தெரிந்து, அவர் காவலில் இருந்த டெரன்ஸ் மேனைத் திடலின் மூலையான கார்னரில் நிறுத்தினார். ஆறாம் ஆட்டத்தில் 25 புள்ளி பின்னாலிருந்து மேன் 39 புள்ளியோடு ஆட்டத்தை இழுத்து வந்தார். அந்தக் கார்னரை மூட யூட்டா கடைசி வரை எதையும் மாற்றவில்லை.

நம்முடைய போட்டிகள் பெரும்பாலும் ஒரே ஆட்ட நாக்-அவுட். ஆகவே இங்கே பயிற்றுநரின் மாற்றம் தொடரில் தருவதுபோல் பெரிய பலனைத் தராது என்பதை முதலில் ஒப்புக்கொள்வோம். நாளை இன்னோர் ஆட்டம் கிடையாது. இரவு உட்கார்ந்து வீடியோ பார்க்க முடியாது. காலையில் காலிறுதி, மாலையில் அரையிறுதி என்றும் வைப்பார்கள். நம்மிடம் இருப்பது 40 நிமிடம், ஏற்பாட்டாளர் சுருக்கினால் அதுவும் இல்லை. அதனால் மாற்றம் அந்த ஆட்டத்துக்குள்ளேயே, முதல் பாதி முடிவதற்குள் நடக்க வேண்டும். ஏற்கெனவே பழகியதாக இல்லாவிட்டால் அது நடக்காது.

நம் பக்கத்து அணிகள் ஏன் ஒரே முறையில் ஆடுகின்றன என்பதற்குக் காரணம் உண்டு. கூடைப்பந்துத் திடல் இல்லாத சீனத் தொடக்கப்பள்ளி அரிது. தமிழ்ப்பள்ளியிலிருந்து வரும் பிள்ளை காற்பந்தும் வலைப்பந்தும் ஆடிவிட்டு இடைநிலைப்பள்ளியின் படிவம் ஒன்றில்தான் இந்தப் பந்தை முறையாகத் தொடுகிறான். பந்தைத் தட்டிக்கொண்டே ஓடும் டிரிபிளிங், ஓடிவந்து கூடையில் போடும் லே-அப், ஃபவுலுக்குக் கிடைக்கும் தடையில்லா எறிவான ஃப்ரீ த்ரோ இவற்றுக்கே நேரம் போய்விடுகிறது. வாரம் மூன்று பயிற்சி, ஒவ்வொன்றும் 90 நிமிடம் என்று வையுங்கள். இந்த அடிப்படைக்கு 60 நிமிடம், முதல் தற்காப்பு முறைக்கு 15 நிமிடம் போனால் மிச்சம் 15. அதில் 10 நிமிடம் இரண்டாவது முறைக்கு, கடைசி 5 நிமிடம் ஆட்டத்தின் நடுவே ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறிப் பழக. ஆறு வாரத்தில் 18 பயிற்சி, இரண்டாவது முறைக்குக் கிடைப்பது மொத்தம் மூன்று மணி நேரம். ஒரு சோனுக்கே இது குறைச்சல். மூன்றாவது, நான்காவது முறை வேண்டும் என்று ஆசைப்படும் பயிற்றுநர் எதையும் முழுதாகக் கற்பிக்கமாட்டார். இரண்டு போதும்: ஆளுக்கு ஆள் ஒன்று, 2-3 சோன் ஒன்று.

2-3 சோனில் முன்னால் இருவர், பின்னால் மூவர். ஓட்டை மூன்று இடத்தில்: ஃப்ரீ த்ரோ கோட்டின் நடு, இரண்டு கார்னர். பந்து கார்னருக்குப் போனால் அந்தப் பக்கத்துப் பின்வரிசை ஆள் வெளியே ஓடவேண்டும், நடு ஆள் அவர் விட்ட இடத்துக்கு நகரவேண்டும், எதிர்ப்பக்கத்து ஆள் நடுவுக்கு வரவேண்டும். மூவரும் ஒரே நேரத்தில் நகராவிட்டால் கூடைக்கு அடியில் ஒருவன் தனியாக நிற்பான். பந்து ஃப்ரீ த்ரோ கோட்டுக்குப் போனால் முன்வரிசை இருவரில் யார் பின்னால் இறங்குவது என்பதைப் பயிற்சியிலேயே முடிவுசெய்யவேண்டும். ஆட்டத்தில் முடிவுசெய்தால் இருவரும் இறங்குவார்கள், அல்லது இருவருமே இறங்கமாட்டார்கள். பெரும்பாலான பள்ளி அணிகள் சோனில் தோற்பது ஷாட்டினால் அல்ல, கூடையில் விழாமல் தெறிக்கும் பந்தை எதிரணி எடுக்கும் ரீபவுண்டினால். ஆளுக்கு ஆள் ஆடும்போது யாரை முதுகால் தடுக்கவேண்டும் என்று ஒவ்வொருவருக்கும் தெரியும். சோனில் தெரியாது, எல்லாரும் பந்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். ஷாட் போனதும் பின்வரிசை மூவரும் திரும்பி அருகிலிருக்கும் உடம்பைத் தேடவேண்டும், முன்வரிசை இருவரும் நீண்டு தெறிக்கும் பந்துக்காக ஃப்ரீ த்ரோ கோட்டருகில் நிற்கவேண்டும். மேலே சொன்ன 10 நிமிடத்தில் பாதியை இதற்கே கொடுங்கள்.

இன்னொரு பொறி இருக்கிறது. நம் பயிற்சி பெரும்பாலும் திறந்த சிமெண்டுத் திடலில். காற்று, எதிர்வெயில், ஸ்பிரிங் இல்லாத இறுகிய வளையம். அங்கே வெளியிலிருந்து எறியும் பந்து சுலபத்தில் விழாது, ஆகவே சோன் வெல்லும். நான்கு மணி மழைக்குப் பிறகு தரை ஈரமாக இருந்தால் இன்னும் நன்றாக வெல்லும். பயிற்றுநர் அதை நம்பிக்கொண்டு மண்டபத்துக்குப் போவார். பலகைத் தரை, நல்ல வளையம், காற்றில்லை. கார்னரிலிருந்து மூன்று பந்து விழுந்ததும் முகம் வெளுத்துவிடும். மண்டபத்தில் ஒரு நாளாவது பயிற்சி கிடைக்காவிட்டால், அங்கே ஆளுக்கு ஆளில் தொடங்கி, சோனைக் கையிருப்பாக வைப்பது மேல்.

இரண்டாவது முறையை லீக் சுற்றில் ஒவ்வோர் ஆட்டத்திலும் ஐந்து நிமிடமாவது ஆடவிட வேண்டும், ஸ்கோர் என்னவாக இருந்தாலும். புள்ளி வித்தியாசம் போய்விடும் என்று பெரும்பாலோர் தயங்குகிறார்கள். பன்னாட்டுக் கூடைப்பந்துச் சம்மேளனமான ஃபீபாவின் விதிப்படி இரண்டு அணிகள் சமநிலையில் இருந்தால் முதலில் பார்ப்பது அந்த இரண்டு அணிகளும் மோதிய ஆட்டத்தின் முடிவை. மற்ற அணிகளோடு எடுத்த வித்தியாசம் பிறகுதான் வரும். ஆகவே குழுவில் ஆகப் பலவீனமான அணியோடு பரிசோதித்தால் இழப்பு சிறிது. ஏற்பாட்டாளர் வேறு விதி வைத்திருக்கலாம், போட்டி விதித்தாளை முன்பே படித்துவிடுங்கள். படிக்காமலேயே வரும் அணிகள்தான் அதிகம்.

எப்போது மாற்றுவது? பெஞ்சில் ஒரு பிள்ளையிடம் நோட்டுப் புத்தகம் கொடுங்கள். எதிரணி பந்தை ஒவ்வொரு முறை கையில் எடுக்கும்போதும் ஒரு கோடு, முடிவில் எத்தனை புள்ளி, எப்படி வந்தது: வேகத் தாக்குதலா, நின்று ஆடியதா, ரீபவுண்டில் கிடைத்த இரண்டாம் வாய்ப்பா, ஃப்ரீ த்ரோவா. பத்து முறைக்குப் பத்துப் புள்ளிக்குள் இருந்தால் தற்காப்பைத் தொடாதீர்கள். 13ஐத் தாண்டினால் நோட்டில் புள்ளி எப்படி வந்தது என்று எழுதியதைப் பாருங்கள். ஆறு புள்ளி வேகத் தாக்குதலில் வந்திருந்தால் தவறு உங்கள் தற்காப்பில் இல்லை. உங்கள் பையன் நடுத்திடலில் பந்தை விட்டிருக்கிறான். சோனுக்கு மாறினாலும் அந்த ஆறு புள்ளி தொடரும், ஏனென்றால் சோன் அமைவதற்கு முன்பே அவர்கள் போய்விடுவார்கள். அங்கே மாற்றவேண்டியது பந்தைக் கொண்டுபோகும் ஆளை. பள்ளி ஆட்டங்களில் ஆக அதிகம் காணும் தவறான மாற்றம் இதுதான். தூரத்து ஷாட் மூன்று தொடர்ந்து விழுந்தால் பதறுவது அடுத்தது. அந்த மூன்றும் கை மறித்த நிலையில் எறிந்ததா, தனியாக நின்று எறிந்ததா என்று பாருங்கள். மறித்த கைக்கு மேல் விழுந்தவை விழட்டும். 2018 மேற்குப் பிரிவு இறுதியின் ஏழாம் ஆட்டத்தில் ஹூஸ்டன் 27 மூன்று-புள்ளி ஷாட்டுகளைத் தொடர்ந்து தவறவிட்டதற்காகப் பயிற்றுநரைத் திட்டாதவர் இல்லை. அவற்றில் பல நல்ல வாய்ப்புகள். எங்களைக் கேட்டால் முழுப் பழியும் அவருடையது அன்று.

ஃபவுல் கணக்கும் இதே நோட்டில் வேண்டும். ஒரு குவார்ட்டரில் அணியின் ஐந்தாவது ஃபவுலிலிருந்து எதிரணிக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ. நான்கு ஆகிவிட்ட பிறகும் திடல் முழுக்க அழுத்தி ஆடினால் இலவசமாகப் புள்ளி கொடுப்பதாகும். அங்கே சோன் கைகொடுக்கும். ஆட்டக்காரருக்கு ஐந்து ஃபவுலில் வெளியேற்றம். நெட்டை ஆள் முதல் பாதியிலேயே மூன்று வாங்கிவிட்டால் அவர் உட்காரும் நேரத்துக்கு என்ன ஆட்டம் என்பது முன்னமே தெரிந்திருக்கவேண்டும். தோட்டப்புறப் பிள்ளைகளுக்குப் பேருந்துச் சிக்கல், சனிக்கிழமை வேலை என்று பன்னிரண்டு பேர் பதிந்து எட்டுப் பேர் வந்து நிற்கும் நாள் நிறைய. எட்டுப் பேரோடு ஆளுக்கு ஆள் முழு ஆட்டமும் தாங்காது.

டைம் அவுட் விஷயத்தில் வீணாகப் போகும் ஆட்டங்களுக்குக் கணக்கே இல்லை. முதல் பாதியில் இரண்டு, இரண்டாம் பாதியில் மூன்று. முதல் பாதியில் மிஞ்சியது இரண்டாம் பாதிக்கு வராது. நான்காம் குவார்ட்டரின் கடைசி இரண்டு நிமிடத்தில் இரண்டுக்கு மேல் எடுக்கமுடியாது, ஆகவே மூன்றையும் சேர்த்துவைத்தால் ஒன்று தானாகவே போய்விடும். கேட்கவேண்டியது ஸ்கோர் மேசையில், தலைமைப் பயிற்றுநரோ முதல் உதவிப் பயிற்றுநரோ மட்டும். நடுவரைப் பார்த்துக் கத்துகிறார்கள், ஆட்டக்காரன் கையைக் காட்டுகிறான்; இரண்டும் செல்லாது. பந்து செத்துக் கடிகாரம் நின்ற நேரத்தில், அல்லது எதிரணி கூடை போட்ட உடனே கிடைக்கும். கடைசி இரண்டு நிமிடத்தில் திடலில் உங்கள் கூடை இருக்கும் பின்பாதியில் பந்து உங்களுக்கு வரும்போது டைம் அவுட் எடுத்தால், எதிரணிக் கூடை இருக்கும் முன்பாதியிலிருந்தே ஆட்டத்தைத் தொடங்கலாம் என்று பயிற்றுநர் தேர்ந்தெடுக்க முடியும். எட்டு வினாடியில் நடுக்கோட்டைத் தாண்டும் கவலை இல்லை; ஆனால் பந்தை எறிய மிஞ்சியிருக்கும் நேரத்தைக் காட்டும் ஷாட் கடிகாரத்தில் 24 வினாடி கிடையாது, அதிகபட்சம் 14தான். இதைத் தெரிந்துவைத்து ஒரே ஒரு ஆட்டத்தைப் பழகியிருக்கும் அணி நம் பக்கத்தில் மிகக் குறைவு. கிடைக்கும் ஒரு நிமிடத்தில் முதல் பதினைந்து வினாடி தண்ணீர், அடுத்த அரை நிமிடம் ஒரே ஒரு செய்தி, மிச்சத்தில் அதைத் திருப்பிச் சொல்லச் செய்வது. மூன்று செய்தி சொன்னால் ஒன்றும் நிற்காது.

டைம் அவுட் இல்லாமலும் மாற்றலாம். மூவினப் பிள்ளைகளும் ஆடும் இடைநிலைப்பள்ளி அணியில் மலாய் நிறப் பெயர்கள் நல்ல வழி: மேரா (சிவப்பு) என்றால் ஆளுக்கு ஆள், பீரு (நீலம்) என்றால் சோன். பயிற்றுநர் கத்தியதும் ஐவரும் திருப்பிக் கத்தவேண்டும். ஒருவன் கேட்காவிட்டால் நால்வர் சோனிலும் ஒருவன் ஆளுக்கு ஆளிலும் இருப்பான், அதைவிட மோசமான தற்காப்பு கிடையாது. மாற உகந்த நேரம் நம் ஃப்ரீ த்ரோ விழுந்த பிறகு. எல்லாரும் நின்ற இடத்திலிருந்து அமைதியாகப் பின்னால் போகலாம். பந்து ஓடிக்கொண்டிருக்கும்போது மாற்றாதீர்கள்.

மாற்றிய பிறகு பொறுமை வேண்டும். 2015 இறுதிச் சுற்றில் கோல்டன் ஸ்டேட் 2-1 எனப் பின்தங்கியபோது பயிற்றுநர் ஸ்டீவ் கெர் நடு ஆள் ஆண்ட்ரூ போகட்டை உட்காரவைத்து, அந்தப் பருவத்தின் லீக் ஆட்டம் ஒன்றில்கூடத் தொடக்க ஐவரில் இல்லாத ஆண்ட்ரே இகுவடாலாவை இறக்கினார். யோசனை சொன்னவர் நிக் யூரென் என்ற இளம் உதவியாளர். கிளீவ்லாந்து 7-0 என்று தொடங்கியது. நம்மூர்ப் பெற்றோர் அங்கே இருந்திருந்தால் அந்த நிமிடமே போகட்டை இறக்கச் சொல்லியிருப்பார்கள். கிளீவ்லாந்தின் நெட்டை ஆள் திமோஃபே மோஸ்கோவ் அன்று 28 புள்ளி எடுத்தார்; தாங்கள் விட்ட இடத்தில் புள்ளி போகும் என்று கெருக்குத் தெரியும். கோல்டன் ஸ்டேட் 103-82 என வென்றது. அடுத்த இரண்டையும் வென்று கிண்ணம் எடுத்தது, இறுதிச் சுற்றின் சிறந்த ஆட்டக்காரர் விருது இகுவடாலாவுக்குப் போனது. ஒரு மாற்றத்துக்கு எட்டு முதல் பத்துத் தாக்குதல் வரை அவகாசம் கொடுங்கள். அதற்குள் நோட்டு என்ன சொல்கிறது என்று பாருங்கள், பெஞ்சுக்குப் பின்னால் இருப்பவர் சொல்வதை அல்ல.

மாற்றியதைத் திரும்ப மாற்றுவதும் வெட்கமில்லை. 2025 இறுதிச் சுற்றில் ஒக்லஹோமா சிட்டி பயிற்றுநர் மார்க் டேக்நால்ட் முதல் ஆட்டத்தில் நெட்டை ஆள் ஹார்ட்டென்ஸ்டைனுக்குப் பதில் கேசன் வாலஸைத் தொடக்க ஐவரில் வைத்தார். 2-1 எனப் பின்தங்கியதும் நான்காம் ஆட்டத்தில் ஹார்ட்டென்ஸ்டைனை மறுபடியும் கொண்டுவந்தார். ஏழாம் ஆட்டம் வரை போய்க் கிண்ணம் வென்றார்கள். 68 வெற்றி எடுத்த அணியின் பயிற்றுநர் ஒரே தொடரில் இரு முறை மாறியதைத் தடுமாற்றம் என்று நாங்கள் சொல்லமாட்டோம்.

உட்காரவைக்கும் பிள்ளையிடம் காரணத்தை முந்தின நாளே சொல்லிவிடவேண்டும். திடலோரத்தில் பெயர்ப்பட்டியலைப் பார்த்துத் தெரிந்துகொண்டால் அவன் அன்று பெஞ்சிலிருந்து எழுந்து வந்தாலும் ஆடமாட்டான். யார் வீட்டுப் பிள்ளை, எந்தச் செயற்குழு உறுப்பினரின் மருமகன் என்ற பேச்சு இருக்கும் ஊரில் மாற்றம் செய்யத் துணிவும் வேண்டியிருக்கிறது. இதைப் பற்றி இன்னும் எழுதலாம், வேண்டாம்.

ஆசிரியருக்கு ஒரு வேண்டுகோள். பள்ளி, கிளப் போட்டி முடிவுகளை வெளியிடும்போது இறுதிப் புள்ளியை மட்டும் போடாமல் நான்கு குவார்ட்டர் புள்ளிகளையும், ஒவ்வொரு குவார்ட்டரிலும் இரு அணிகளின் ஃபவுல் எண்ணிக்கையையும் ஒரு வரியில் சேர்த்துவிடுங்கள். ஸ்கோர் தாளில் அவை ஏற்கெனவே இருக்கின்றன. போட்டி முடிந்ததும் மேசையில் கேட்டால் படம் எடுக்க விடுவார்கள். மூன்றாம் குவார்ட்டரில் 8-21 என்று விட்ட அணி நான்காம் குவார்ட்டரில் 17-9 என்று எடுத்திருந்தால், அங்கே ஏதோ மாறியிருக்கிறது என்று வாசகருக்கே தெரியும். அடுத்த முறை பயிற்றுநரைப் புகழ்வதோ திட்டுவதோ அந்த வரியை வைத்து நடக்கட்டும்.

இப்படிக்கு,
கூடைப்பந்துப் பயிற்றுநர்கள், ஸ்கோர் மேசை அதிகாரிகள் சிலர்,
சுங்கை சிப்புட், பேராக்.